துரைக்குப் பதிலாக நின்றவன்

ராயக்கோட்டை மலைமேல்
துரை நிற்க வேண்டிய இடத்தில்
சாக்பீஸால் கோடு கிழித்து
என்னை நிறுத்தினார்கள்.
ஆறடி இரண்டங்குலம். அதுதான் என் தகுதி.
துரை குடைக்கடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

என் கறுப்புக்கு ஒளியை அளந்தால்
அவர் வெளுப்பு எரிந்துபோகுமாம்.
முகத்தில் வெள்ளைத் துணி கட்டிவிட்டு
மறுபடி அளந்தார்கள்.
துணிக்குள்ளே திம்மராயன்,
சீசனில் மாங்கூழ் ஃபேக்டரி,
சீசன் முடிந்தால் துரியோதனன்.

டெரிக் என்று பேர் அவருக்கு. அறுபத்தெட்டு வயசு.
கலெக்டராகக் குண்டடிபட்டு விழ வேண்டும்.
விழுந்தார். மேகம் வந்துவிட்டது.
விழுந்தார். கீழே ரயில் கூவியது.
விழுந்தார். யாருடைய செல்போனோ.
பதினோராவது தடவை எழுந்திருக்க
என் கையைப் பிடித்தார்.
அந்த வெயிலிலும் உள்ளங்கை சில்லென்றிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில்
ஓசூர்ப் பெண், உதவி இயக்குநர் ஜெசிந்தா
நடுவில் உட்கார்ந்து
அவர் பேச்சை எனக்கும் என் பேச்சை அவருக்கும்
தயிர்சாதத்தோடு பிசைந்து போட்டாள்.

நீயும் நடிகனாமே, எப்படிச் சாவாய் என்றார்.
வருஷத்துக்கு ஒருதரம்தான் சார்,
படுகளத்தில்.
மண்ணால் செய்து படுக்கவைத்த
என் உடம்புமேலேயே நான் ஓடுவேன்,
பீமன் துரத்துவான்,
தொடையில் அடி விழும்.
அப்புறம் எழுந்து டீ குடிப்பேன்.

சிரித்தார். சிரித்து முடித்துச் சொன்னார்:
கடலோரத்து ஊர் ஒன்றில், மேடையில்,
ராஜாவாக நின்றபோது
ஒரு வரி காணாமல் போய்விட்டது.
எண்ணூறு பேர், ஒரு இருமல்கூட இல்லை.
அந்த மௌனத்தில்தான் நீ ராஜாவாக இருந்தாய் என்று
மறுநாள் சொன்னார்களாம்.
சினிமாவில் மறந்தால் நறுக்கிவிடுகிறார்கள்,
நறுக்கிய மௌனம் எங்கே போகிறதென்று தெரியவில்லை.
இன்னும் ஏதோ சொன்னார், நீளமாக.
ஜெசிந்தா கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு
ஊறுகாய் எடுத்துக்கொண்டாள்.

எங்களுக்கு மறந்தால்
பின்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார் என்றேன்.
பின்னாலேயே ஆள் இருக்கிறாரா என்று
இரண்டு தடவை கேட்டார்.

நாலாம் நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு.
ஓசூர் ஓட்டலிலேயே படுத்துவிட்டார்.
பாக்கி இருந்தது ஒரே ஷாட்:
கலெக்டர் கோட்டை வாசல் ஏறுகிறார்,
முதுகு மட்டும்.
என் முகத்துத் துணியை அவிழ்த்தார்கள்.
கோட்டும் தொப்பியும் மாட்டினார்கள்.
ஒரே டேக்.

படம் வந்தது. கிருஷ்ணகிரியில் மதியக் காட்சி.
பதினோரு சாவில் எதை வைத்தார்களோ,
இரண்டு நொடி.
அவர் என் கையைப் பிடித்தது அதில் இல்லை.
பிறகு அந்த முதுகு,
படிப்படியாக.

என்னவென்று நான் சொல்லவில்லை.
முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி
நாகவேணி என் காதோரம் சாய்ந்தாள்:
“ஏங்க, இந்தத் துரை என்ன
கட்டியக்காரன் கூப்பிட்ட மாதிரி வர்றான்?”

பின்வரிசையில் எவனோ விசிலடித்தான்.
துரைக்குத்தான்.