குளம்பு

ஆக்லாந்தில் மாலை ஆறே காலுக்கு
விமானம் தரையை விட்டது.
முப்பத்தொன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம்.
ஐந்து மாதம் கொட்டகை கொட்டகையாக
ஆட்டு ரோமம் கத்தரித்த கைகள்
மடியில் கிடந்தன,
கம்பளிப் பிசுக்கு இன்னும் போகாமல்.

பசிபிக்கின் மேல் ஏறி ஒரு மணி நேரம் இருக்கும்.
இடது முழங்கையில் ஏதோ ஈரமாகப் பட்டது.

கால்.

காலுறை கழற்றிய ஆண்பிள்ளைக் கால்.
இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து
என் கைப்பிடி மேல் வந்து உட்கார்ந்திருந்தது,
பத்திரம் எழுதி வாங்கிய நிலம் மாதிரி.

“ஐயா, உங்கள் கால்” என்றேன்.
கண்மூடியை விலக்காமலே பதில் வந்தது:
“அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.”

பணிப்பெண் ரோமினா வந்தாள், குனிந்தாள்,
தேன் குழைத்த ஸ்பானிஷில் கேட்டுக்கொண்டாள்.
கால் போனது.
அவள் திரைக்கு அப்பால் மறைந்ததும் வந்தது.
மறுபடி அவள். மறுபடி அது.
மூன்றாம் முறை அவளைக் கூப்பிட
எனக்கே வெட்கமாக இருந்தது,
தவறு செய்தது நான் என்பதுபோல.

நடு இருக்கையில் செமிசி,
சாந்தியாகோவுக்கு ரக்பி ஆடப் போகும் டோங்காக்காரன்.
கதவளவு தோள்களை இரண்டு கைகளாலும் அடக்கிப் பிடித்து
யார்மீதும் படாமல்
ஒரு தபால் உறைக்குள் இருப்பவன்போல் இருந்தான்.
“நான் பேசிப் பார்க்கட்டுமா?”
வேண்டாம் என்றேன்.
அவன் பேசினால் அது பேச்சாகத்தான் இருக்கும்,
பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரியாது.

இருட்டில் எனக்குள் நான் சொன்ன பதில்கள்!
ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கூர்மை.
ஒன்றில் சூடான காப்பி வந்தது.
ஒன்றில் ஊக்கு.
ஒன்றில் அவருடைய தாயார் நேரில் வந்து
என் பக்கம் சாட்சி சொன்னார்.

நள்ளிரவு என்று சொல்ல முடியாத ஏதோ ஒரு நேரத்தில்
கிடாக்கள் நினைவுக்கு வந்தன.
உதைக்கிற கிடாவோடு மல்லுக்கு நிற்கக் கூடாது.
காலைப் பிடிக்க வேண்டும், அமைதியாக,
இது தினமும் நடப்பதுதான் என்கிற மாதிரி.

கெஞ்சுகிறவர்கள்தான் காலைப் பிடிப்பார்கள்.
நான் என் தொழிலில் பிடிப்பதுபோல் பிடித்தேன்.
குதிகால் உள்ளங்கையில்,
கட்டைவிரல் கணுவுக்கு மேல்.
வாசிப்பு விளக்கைப் போட்டு
விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.
“குளம்பு சீவி எத்தனை நாளாயிற்று?
இங்கே அழுகல் தொடங்கப் பார்க்கிறது.”

கால் துள்ளியது. விடவில்லை.
“நீ என்ன டாக்டரா?”
“இல்லை. ஆட்டுக்காரி.”

செமிசி சிரித்ததில் வரிசையே குலுங்கியது.
விட்டேன். பாம்பு புற்றுக்குள் போவதுபோல்
கால் பின்னால் போனது.

வெற்றிதான். கொண்டாடியிருப்பேன்.
ஆனால் என் கட்டைவிரல் பதிந்த இடத்தில்
ஒரு குழி விழுந்திருந்தது,
விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்,
மாவில் அழுத்தியதுபோல், நிரம்பாமல்.
நல்ல ஆட்டின் உடம்பில் அப்படி விழாது.

வெகுநேரம் விழித்திருந்தேன்.
பிறகு எழுந்துபோய் ரோமினாவிடம் சொன்னேன்.
அவள் ஒரு காலிப் பெட்டி கொண்டுவந்து
போர்வை சுற்றி அவர் காலடியில் வைத்தாள்.
அவர் நன்றி சொல்லவில்லை,
அவளுக்கும்.
வீங்கிய காலை உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று
ஒரு வாக்கியம்,
ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால்
என் கம்பளி மூட்டையையே கொடுத்திருப்பேன், கிழவா.

சாந்தியாகோவில் இறங்கியபோது
அதே நாள், பகல் ஒன்றே கால்.
தேதிக்கோட்டின் வேலை.
சுவர்க் கடிகாரத்தின்படி
நாங்கள் இன்னும் விமானமே ஏறவில்லை.
அந்தக் கால் இன்னும் காலணிக்குள் இருக்கிறது.
நான் யாரையும் ஆடு என்று சொல்லவில்லை.
ஐந்து மணி நேரம் முழுசாக இருக்கிறது,
வேறு மாதிரி நடந்துகொள்ள, இருவருக்குமே.

அப்படி நினைத்துக்கொண்டு நின்றவளின்
பாதத்தின் மேல் ஒரு பெட்டிச் சக்கரம் ஏறி இறங்கியது.

“ஐயா, என் கால்.”

நின்றார். முதலில் கீழே பார்த்தார்,
அப்புறம் என் முகத்தை.
பெட்டிகள் உருளும் இரைச்சலில் ஏதோ சொன்னார்.
மன்னிப்பாக இருக்கலாம்.
பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டதாகவும் இருக்கலாம்.
இரண்டுக்கும் பொதுவாகத்
தலையாட்டி வைத்தேன்.