தக்காளி எண்

தூன் நகரில், ஆறே ஆற்றங்கரையில்
பழைய கமரா விற்கும் ஸ்டுக்கியிடம்
அடையாள அட்டையை ஈடாக வைத்துவிட்டு
இரண்டு கமராக்களோடு தெருவைக் கடந்தேன்.
எதிரே சுப்பர்மார்க்கெட், மரக்கறிப் பக்கத்துத் தராசு.
ஏதாவது ஓர் எண்ணை அமத்தினால்தான்
அது வாய் திறக்கும்.
தக்காளியின் எண்ணை அமத்தினேன்.

கறுப்பு: ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
வெள்ளி: இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு,
ஒரு பிராங் முப்பத்தைந்து சதம்.
பின்னால் லீக்ஸ் கட்டோடு நின்றவர்
மரியாதையாக இருமினார்.
ஒட்டுத்தாளை வெள்ளியின் அடியில் ஒட்டிக்கொண்டேன்,
வேறெங்கே ஒட்டுவது.

லுட்சேர்னில் கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கும் அத்தான்
தொலைபேசியில் சிரித்தார்:
"அதென்ன, தீப்பெட்டியோ?
லென்ஸ் பெரிசெண்டால்தான் பிள்ளை
படம் படமாய் வரும்."
உண்மைதான்.
மண்டபத்தில் அவருக்கு இரண்டு கைகளும் சும்மா இருக்கும்,
விளக்குப் பிடிக்க ஒரு பெடியனும்.

போன ஆவணியில் அவர் தந்த பெரியதைக்
கழுத்தில் கொழுவிக்கொண்டு
பாறை வெடிப்பொன்றில் முதுகை ஒரு சுவரிலும்
காலை மறுசுவரிலும் ஊன்றி ஏறினேன்.
அது நெஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவே புகுந்து
எனக்கு முன்னால் மூச்சு விட்டது.
பிறகு ஒரே ஒரு ஆட்டம்.
முன்பல்லில் ஒரு மூலை போயிற்று.
அன்று எடுத்த படங்கள் நான்கு.
நான்கிலும் பஸ் தரிப்பிடம்.

உர்சினா
பல்துலக்கியின் பிடியைப் பாதியில் அறுத்தவள்,
தேநீர்ப் பையின் நூலைக்கூடக் கத்தரித்துவிட்டு வருபவள்.
ஆனால் உச்சியில்
முழு மாம்பழம் ஒன்றைப் பையிலிருந்து எடுப்பாள்,
கொட்டையைத் திரும்பச் சுமப்பாள்.
அவள் நிறையைக் கேட்கவில்லை.
"கையுறையோடு திறக்குமா?" என்றாள்.

ஸ்டுக்கியின் கடையில் திரும்பவும்.
தடித்த கையுறை, மூடிய கண்,
ஒற்றைக் கை.
கறுப்பு உடனே விழித்தது.
வெள்ளியின் பொத்தானோ கடுகளவு,
விரல் அதன்மேல் போய்ப் போய் வந்தது.
வெளியே நடைபாதையில் ஒரு நாய்
என்னையே பார்த்தது.

ஸ்டுக்கி ஒன்றும் பேசவில்லை.
மேசை இழுப்பறையைத் துழாவி
கதிரைக் காலுக்கு ஒட்டுகிற ரப்பர் வட்டம் ஒன்றை எடுத்து
சின்னதாய் நறுக்கிப்
பொத்தானின் நடுவில் வைத்தார்.
நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.
தான் ஒரு கமராவுக்குப் பொட்டு வைத்தது
அவருக்குத் தெரியாது.

புரட்டாசி. ஸ்டொக்ஹோர்ன் தெற்குச் சுவர்.
பற்றரி குளிரில் செத்துப்போகும் என்று
விடியலிலிருந்து அக்குளில் வைத்திருந்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
மேலே ஆணியில் என்னைக் கட்டிக்கொண்டு
கயிற்றை இழுக்க இழுக்க
கீழிருந்து முதலில் அவள் தலைக்கவசம்,
பிறகு ஒரு கை,
பிறகு வெயில் அவள் மூக்கில்.

இப்போது.

எல்லாக் கமராவும் வலக்கைக்குச் செய்தவை.
என் வலக்கையில் அவள் இருந்தாள்,
கயிறாக.
அதை விட ஏலாது. எவ்வளவு நல்ல வெளிச்சமென்றாலும்.
இடக்கையால் உருவித் தலைகீழாய்ப் பிடித்து
கட்டைவிரலால் பொட்டைத் தேடினேன்.
ஒன்று எடுத்தேன். ஒன்றுதான்.

படத்தில் எர்லன்பாக்கின் ஓட்டுக்கூரைகள் மேலே,
பச்சைச் சரிவு மேலே, பசுக்கள் மேலே.
அவற்றுக்குக் கீழே உர்சினா
தலைகீழாய், பல் தெரிய,
வானத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

அத்தானுக்கு அனுப்பினேன்.
"தலைகீழாய் இருக்கே, திருப்பி அனுப்பவோ?"
வேண்டாம் என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை கிராம்?"

மாம்பழத்தைக் கடித்தபடி உர்சினா
கமராவைப் புரட்டிப் பார்த்தாள்.
அடியில் அந்த ஒட்டுத்தாள், வியர்வையில் சுருண்டு.
"இதைக் கிழித்து எறி," என்றாள்,
"இதுவும் நிறைதானே."