நாலு மட்டும்

சிஓஇ இன்னும் மூன்று வருடம் இருக்கிறது,
கதவு கொஞ்சம் முரண்டும், மற்றபடி குறையில்லை
என்றான் தரகன்.
வெள்ளை வேன்.
இடப்பக்கம் முழுக்க யாரோ ஒருவரின் திரைச்சீலைக் கடை.
எழுத்துகளை உரித்துத்தான் கொடுத்தார்கள்.
பசையை உரிக்கவில்லை.

இரண்டே வாரம்.
ஈசூன் தூசியெல்லாம் அதில் குடியேறி
உரித்த பெயரைக் கறுப்பில் எழுதிக் காட்டியது,
முன்னைவிடத் தெளிவாக.
அதற்குக் கீழே எட்டு இலக்கத்தில் ஒரு கைப்பேசி எண்.
மாவு போடப் போகும் கடைகளில் எல்லாம்
கர்ட்டன் என்ன விலை என்றார்கள்.

தின்னர் ஊற்றினால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.
ஹேர் டிரையர் பிடி என்றார் ஒருவர்;
பலமாடிக் கார் நிறுத்தத்தில் பிளக்குக்கு எங்கே போவேன்?
ஞாயிறு பகல் ஒரு மணிக்கு
கூரையில்லாத ஏழாம் தளத்துக்கு ஏற்றி நிறுத்தினேன்.
இந்த ஊர் வெயிலுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

தகடு கொதித்ததும் பசை இளகியது.
வேதவல்லி கொடுத்தனுப்பிய சமையல் எண்ணெய்,
காலாவதியான ஈஸி-லிங்க் அட்டை,
மகனின் பழைய பள்ளிச் சட்டை.
ஊறவிட்டு, பொறுத்து,
அட்டையைச் சாய்த்துத் தள்ளினால்
அழுக்கு திரிதிரியாகச் சுருண்டு வரும்.
அவசரப்பட்டால் கோடு விழும்.
ஒரு கோடு விழுந்தது.

ஆங்கில எழுத்துகள் சுலபம்.
சீன எழுத்துகளுக்குக் கைகால் அதிகம்.
ஒவ்வொரு கோட்டின் முனையிலும் நகம் வைக்க வேண்டியிருந்தது.
வாசிக்கத் தெரியாத ஒன்றை
இவ்வளவு நெருக்கமாகத் தொட்டதில்லை நான்.

பிறகு எண்கள்.
ஒன்பதின் வால் போனது.
எட்டின் இரண்டு வயிறும் போயின.
கடைசிக்கு முந்தைய நாலு மட்டும்
அசையவில்லை.
எண்ணெய். லைட்டர் பெட்ரோல். வினிகர்.
கடைசியில் சட்டைப்பையில் இருந்த கோடாலித் தைலம்.
வேனுக்குத் தலைவலி தீர்ந்திருக்கும்.
நாலு அப்படியே நின்றது.

நாலு மணிக்கு மழை.
தூணோரம் ஒதுங்கி நின்று பார்த்தேன்:
தண்ணீர் எல்லா இடத்திலும் வழுக்கி ஓட,
அங்கே மட்டும் தயங்கி, சுற்றிப் போனது.

தேய்த்துத் தேய்த்தே எண் மனப்பாடமாகியிருந்தது.
வேதவல்லியின் எண்கூட எனக்கு மனப்பாடம் இல்லை.
விரல் தானாக அழுத்தியதா,
நான்தான் அழுத்தினேனா,
மணி அடித்தது.

உங்கள் வேனை வாங்கியவன் என்றேன்,
மலாயும் ஆங்கிலமும் கலந்து.
அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.
"நாலுதானே?" என்றார்.

ஸ்டிக்கர்க்காரன் கோணலாக ஒட்டிவிட்டானாம்.
இவரே பிய்த்து, திரைக்கம்பிக்குப் போடும் பசையில்
திரும்ப ஒட்டினாராம், ஒரு முழு மாலை.
"அப்பவும் கோணல்தான், லா.
பதினொரு வருஷம் யாரும் கவனிக்கலை."
சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.
"கதவை அப்படியே இழுக்காதே.
கொஞ்சம் தூக்கு. பிறகு இழு."
வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஊபியில்
என் பெயரைத் திரையில் இழுத்து நீட்டிக்கொண்டிருந்த ஹஃபீஸ்
ஏழு வருடம் உத்தரவாதம் என்றான்.
வேனுக்கே மூன்றுதான்.
கழற்றும்போது எப்படி வரும், என்று கேட்டேன்.
நிமிர்ந்து பார்த்தான்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

மிச்சமிருந்த அரை நாலின் மேல்
'இட்லி மாவு'வின் வு வந்து உட்காரும்படி
அளந்து ஒட்டச் சொன்னேன்.
உட்கார்ந்தது,
கொஞ்சம் மேடாக.
விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கதவைத் தூக்கினேன்.
இழுத்தேன்.