முதுகின் அளவு

சட்டம் செய்ய முதலில் முதுகு வேண்டும்.
பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து
இடுப்பெலும்பின் மேடு வரைக்கும்.
டேப்பின் ஒரு நுனியை மேலே அழுத்திக்கொண்டு
மறுநுனியைக் கீழே தேடினால்
கை எட்டவில்லை.
இரண்டு வருஷமாக இந்த வீட்டில்
இன்னொரு கை இல்லை.

பேரணாம்பட்டில் கத்திரி வெயில்.
கரண்ட் போன மத்தியானம்
சட்டையைக் கழற்றிவிட்டுச்
சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து நின்றேன்,
நூறு எண்ணும்வரை.
விலகித் திரும்பினால்
சுவரில் என் முதுகு
ஈரமாய்.
காய்வதற்குள் பென்சிலால் கோடிழுத்தேன்.
பத்தொன்பது அங்குலம்.
இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது.
சுவர்தான் கோணல் என்று நினைத்தேன்.
வாடகை வீடு.

மரம், ஃபேக்டரிக்குத் தையல் மெஷின் வந்த பெட்டியுடையது.
எந்த நாட்டில் வளர்ந்ததோ,
அறுத்தால் மண்ணெண்ணெயும் ஏலக்காயும் கலந்த மாதிரி
ஒரு வாசனை.
'கோழிக்கூண்டா?' என்றார் ஸ்டோர் முனீர் பாஷா.
'முதுகில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போக.'
'ஜோடி பார்க்கிற ஆளுக்கு
என்னய்யா காட்டில் வேலை?'
நான் ஜோடி பார்ப்பவன்.
இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்து
ஒரு நூல் ஏறினாலும் தள்ளிவிடுபவன்.

இரண்டு நெடுஞ்சட்டம், மூன்று குறுக்குச்சட்டம்.
காடி வெட்டும்போது முதல் உளியடியிலேயே
மரம் பிளந்தது.
இரண்டாவது பெட்டி கிடைக்க
ஒன்பது நாள் காத்திருந்தேன்.
ஆணி வேண்டாம், ஏறும்போது முனகும்;
கயிறு நனைத்துக் கட்டினேன்,
காயக் காய அதுவே இறுக்கிக்கொண்டது.
மரம் முதுகில் படாதிருக்க
ஒரு பழைய கட்டிலின் நாடா.
(எந்தக் கட்டில் என்று சொல்லப்போவதில்லை.)
தோள்வாருக்குக் கழிவுத் தோல்:
உண்ணி கடித்த தழும்பால்
ஏற்றுமதிக்கு ஆகாமல் போன எருமை.
தழும்பு இருக்கும் இடத்தில் தோல்
இன்னும் கெட்டி.

இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டி
மொட்டைமாடியில் நாற்பது சுற்று.
கீழ்வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு நிமிஷம்
பாட்டு நின்றது.

ஒடுகத்தூரில் முதல் பஸ் இறங்கி
பீஞ்சமந்தை மலைத்தடம்.
அரிசி, தார்ப்பாய், கருவாடு, ஒரு சட்டி.
முதல் வளைவிலேயே இடது வார் நழுவியது.
இழுத்து விட்டேன். நழுவியது.
வெட்டியது நானே என்பதால்
தோலைத் திட்டவும் முடியவில்லை.

பின்னால் ஒரு சிரிப்பு.
'இன்னா சார், ஏணியக் கட்டிக்கினு போற?'
தலையில் சும்மாடு, அதன்மேல் ரேஷன் அரிசி மூட்டை,
இரண்டு கையும் வீசி நடக்கிறாள்.
பூங்காவனமாம். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
தடம் குறுகல், முந்த இடமில்லை,
அரை மணி நேரம் என் முதுகைப் பார்த்தபடி வந்தாள்.
ஓடைக்கல்லில் மூச்சு வாங்கும்போது சொன்னாள்:
'ஏணி நேராத்தான் கீது.
உனக்குத்தான் இடது தோளு இறங்கிக் கீது.
பின்னாடி வந்தவங்க யாரும்
சொல்லலியா?'

ஒன்றும் சொல்லாமல் கத்தி முனையால்
இடது வாரில் ஒரு துளை கூட்டினேன்.
பிறகு நழுவவில்லை.
அவள் குறுக்குவழியில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றிரவு சட்டம் ஒரு நாவல் மரத்தில் சாய்ந்திருந்தது,
என்னைவிட நிமிர்ந்து.
நாடாவில் என் வேர்வை உப்பு பூத்திருந்தது.
கருவாட்டை ஏதோ ஒன்று தூக்கிக்கொண்டு போயிற்று;
நரியாக இருக்கலாம்.

வீடு திரும்பிய அன்று
கொத்தனார் தேவநேசனிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கிப்
பென்சில் கோட்டின் பக்கத்தில் பிடித்தேன்.
நூல் கொஞ்ச நேரம் ஆடியது.
நின்றதும் பார்த்தேன்,
சுவர் நேராகத்தான் இருந்தது.