ஈரப்பதம்

கொள்முதல் நிலையத்தில்
எனக்கு முன்னால் நாற்பத்தொரு டிராக்டர்.
டோக்கன் எண் நூற்று எண்பத்தேழு.
உலகத்தில் நான் தொட்ட உயரமும் அதேதான்,
ஒரே ஒரு திங்கட்கிழமை.
அடுத்த திங்களே இருநூற்றுப் பதினாறு.

சாக்கு தைக்கும் ஊசியை வாயில் கவ்வியபடி
லோடுமேன் ஒருவர் உற்றுப் பார்க்கிறார்.
"நீங்க ஷட்டில் ஆடுனவங்கதானே?"
ஆமாம் என்கிறேன்.
முன்பெல்லாம் திருத்துவேன்.
வாலிபால் என்றிருக்கிறார்கள், டேபிள் டென்னிஸ் என்றிருக்கிறார்கள்,
திருவாரூரில் ஒரு கல்யாணப் பந்தியில்
செஸ் என்றுகூட.

அந்தத் திங்கட்கிழமைக்காகப்
பந்தலடியில் ஆளுயர பேனர் வைத்தார்கள்.
படம் இடவலம் மாறிப்போய்
மட்டை என் இடது கையில் இருந்தது.
மன்னார்குடியில் ஒருவரும் கவனிக்கவில்லை.
ஐப்பசி மழையில் அந்த முகம்
வடுவூர் சாலையோரம்
யாருடைய நெல்லையோ மூடிக் கிடந்தது.
"உருப்படியான வேலை" என்றார் அப்பா,
சிரிக்காமல்.

என் பெயர் செங்கமலவல்லி.
அயலூர் ஒலிபெருக்கிகளில்
ஊருக்கு ஓர் இடத்தில் முறிந்தது அது.
இங்கே முறியாது.
இங்கே செங்கமலம் என்றால் கோயில் யானை.
அதற்குக் கூட்டம் உண்டு, செல்ஃபி உண்டு.
எனக்கு வருத்தமில்லை.
அது இன்னும் ஓய்வு பெறவில்லை.

பதினோரு வருடம்.
முதல் சுற்றில் தோற்றால்
அறை வாடகை கைக்காசு.
ஜெயித்த வாரங்களில்
மட்டைக்கு நரம்பு மாற்றினேன்,
ஒருமுறை வீட்டுக்கு மிக்ஸி.

அந்தாலியாவில் செம்மண் தரை.
மூன்றாம் செட், ஐந்துக்கு நான்கு.
பந்து விழுந்த தடம் பார்க்க
நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்தார்,
குனிந்தார்,
விரலால் ஒரு வட்டம் போட்டார்.
வெளியே.
அந்த வட்டத்தை எத்தனையோ பேருக்கு
மேசைமேல் வரைந்து காட்டியிருக்கிறேன்.
அதற்குப் பின் வந்த மூன்று பந்துக்கும்
நான் ஓடவே இல்லை என்பதை
யாருக்கும் சொன்னதில்லை.

மாலை நாலரைக்கு என் முறை.
எழுத்தர் குனிகிறார்,
ஒரு கை நெல்லைக் கருவிக்குள் போடுகிறார்.
பதினெட்டுப் புள்ளி ஆறு.
"பதினேழுன்னாதான் எடுப்போம். காய வைங்க."
சிட்டாவில் என் முழுப்பெயரை வாசிக்கிறார்.
காத்திருக்கிறேன், பழக்கதோஷம்.
"அடங்கல் நகல் ஒன்னு குறையுதே" என்கிறார்.

களத்தில் கொட்டிப் பரப்புகிறேன்.
வலது தோள் காதுக்கு மேல் எழும்பாது;
பலகையை இடது கையால் தள்ளுகிறேன்,
பேனரில் இருந்தபடியே.

"ஷட்டில் அக்கா, மேகம்!"

தார்ப்பாயின் ஒரு முனை எனக்கு,
மறுமுனை லோடுமேனுக்கு.
நடுவில் காற்று புகுந்து
பாய் எழும்பி அடிக்கிறது.
"விட்றாதீங்க" என்று கத்துகிறார்.
"விட்டதே இல்லண்ணே" என்கிறேன்.

பொய்தான்.
மூன்று பந்து.