காரணம் என்ற கட்டம்

பதினெட்டு வருடமாக
விடுப்புக் கடிதங்களை வாங்கி வைப்பவன் நான்.
தென் சிலியில், வால்திவியாவில்,
ஆற்றை ஒட்டிய பள்ளிக்கூடத்தில்,
விறகு அடுப்புக்கும் ஃபைல் அலமாரிக்கும் நடுவே
என் நாற்காலி.
வெளியே மழை. எங்கள் ஊரில் அது செய்தியல்ல.

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
பெயர். தேதி. எத்தனை நாள். காரணம்.
முதல் மூன்றில் யாரும் பொய் எழுதியதில்லை.

நான்காவதை நம்பினால்
எங்கள் ஆசிரியர்களுக்குத்
தொண்டையைத் தவிர வேறு உறுப்பே கிடையாது.
போன குளிர்காலத்தில் மட்டும்
முப்பத்தொரு தொண்டை வலி.

வரலாறு எடுத்த ரெனாத்தோ
பத்தொன்பதாவது தொண்டை வலிக்குப் பிறகு
சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்தார்.
அது ஒரு வெள்ளிக்கிழமை.
"தொண்டையை நல்லா பாத்துக்கோங்க" என்றேன்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பிறகு, ஜூன் மாதத்தில்,
ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் நோல்ஃபா கத்ரிலெயோ
ஒரு படிவம் நீட்டினார்.
காரணம்: பஸ்ஸிலிருந்து இறங்க முடியவில்லை.

"காலில் அடியா?"
"கால் நல்லாத்தான் இருக்கு."

பள்ளி ஸ்டாப்பில் கதவு திறந்திருக்கிறது.
பிள்ளைகள் குதித்து இறங்கியிருக்கிறார்கள்.
"டீச்சர், இறங்கலையா?" என்று ஒருவன்
குடையை விரித்தபடி கேட்டிருக்கிறான்.
கதவு மூடிக்கொண்டது.
பாலம் தாண்டி, தீவு தாண்டி,
கடைசி ஸ்டாப் நியெப்லா வரைக்கும்
அதே இருக்கையில்.
மூடுபனி என்றுதான் அந்த ஊருக்கே பெயர்.
"கடலைப் பார்த்தீங்களா?"
"பார்த்தேன்னு சொல்ல முடியாது. அங்க இருந்தேன்.
நாற்பது விடைத்தாளும் மடியிலேயே இருந்துச்சு."
இந்த மாதத்தில் நான்காம் முறை என்றார்,
பஸ் கட்டணம் சொல்வதுபோல.

தலைமையாசிரியர் படித்தார். மறுபடி படித்தார்.
"தொண்டைன்னு மாத்திடுங்க.
மேலிடத்துலேர்ந்து கேட்டா என்ன சொல்றது?"
வெள்ளை மை புட்டியைத் திறந்தேன்.
அதன் வாசனை எனக்கு நன்றாகப் பழக்கம்.
மூடி வைத்துவிட்டேன்.
துணிச்சல் என்று நினைக்க வேண்டாம்.
ரெனாத்தோவின் சாவிக்கொத்து
இன்னும் என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.
புட்டியைத் தேடும்போது கையில் பட்டது.

பெற்றோர் கூட்டத்தில் என் வேலை
கட்டண பாக்கியை வாசிப்பது.
அதை வாசித்தேன்.
பிறகு தொண்டை வலிகளை வாசித்தேன், பெயர் சொல்லாமல்,
தேதி தேதியாக.
பதினான்கில் முதலில் ஒருவர் சிரித்தார்.
இருபத்திரண்டில் நிறுத்தினார்.

ஆற்றங்கரையில் மீன் விற்கும் யோலாந்தா எழுந்தாள்.
"ராத்திரி பதினொண்ணே காலுக்கு
மூணு புள்ளி ஒன்பது ஏன் போட்டீங்க,
நாலு போட்டா பாஸ் ஆயிருப்பானேன்னு
மெசேஜ் அனுப்பினது நான்தான்.
மீன் பலகை கழுவி முடிக்க எனக்கு அந்த நேரம் ஆயிடும்.
உடனே பதில் வந்துச்சு.
டீச்சர் இன்னும் தூங்கலையான்னு
அப்ப தோணலை."

பின் வரிசையில் ஒருவர் கேட்டார்:
"எங்களுக்கும்தான் தூக்கமில்லை.
எங்களுக்கு யார் லீவு தர்றா?"
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
தகரக் கூரையில் மழை.
அவர் தப்பாகக் கேட்கவில்லை.

நோல்ஃபாவுக்கு ஆறு வாரம் கிடைத்தது.
மருத்துவர் கையெழுத்து, பள்ளி முத்திரை,
காரணம் அவர் எழுதியது எழுதியபடி.
திரும்பி வருவாரா, தெரியாது.
வகுப்பில் கரும்பலகையின் ஒரு மூலையை
அவர் எழுத்தோடு அப்படியே விட்டிருக்கிறார்கள்,
பாதிக் கணக்கு.

நேற்று மாலை, எல்லோரும் போன பிறகு,
உடற்பயிற்சி ஆசிரியர் ஒர்லாந்தோ வந்தார்.
மலை மாதிரி ஆள். கையில் விசில்.
ஏழு வருடத்துக்கு முந்தைய தன் படிவம் ஒன்றை
எடுத்துத் தரச் சொன்னார்.
தூசி தட்டிக் கொடுத்தேன்.

"தேதி சரி" என்றார்.
"முழங்கால்தான் தப்பு."

பேனா நீட்டினேன்.
கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"ரெண்டு விரல் அகலம்கூட இல்லையே, இதுல எங்க எழுத?"

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு" என்றேன்.
அடுப்பில் இன்னொரு விறகு வைத்தேன்.