ஞாயிறு, புதன்

பாலக்காட்டுக்காரர் கடையில் சாயா என்றால் டீ.
எங்கள் பட்டறையில் கடைசியில் ஒரு மெய் கூட்டினால் சாயம்.
அட்டையில் அதே சாயா, மாத்திரை.
நர்ஸ் ரெஜினா சொன்னாள்:
மூணு மாசம் ஞாயிறும் புதனும்,
அப்பறம் ஞாயிறு மட்டும்.

"உள்ள போயி என்னுங்க பண்ணும்?"

எனக்குப் பின்னால் ஒன்பது பேர்,
தடுப்பூசிக்கு வந்த குழந்தைகளின் அழுகை.
இருந்தும் சொன்னாள்:
மாசாமாசம் கருப்பையின் உட்சுவர்
ஒரம்பரைக்கு மெத்தை தைக்கும்.
தைக்கச் சொல்லும் ஹார்மோன் வந்து உட்காரும் இடத்தில்
இது முன்னமே போய் உட்கார்ந்துகொள்ளும்.
முட்டை வரும்.
மெத்தை பாதியில் நிற்கும்.
அடுத்த ஆள் வாங்க.

அவள் நினைத்ததைவிட எனக்குப் புரிந்தது.
பதினொரு வருசமாய் லேப்பில்
சாம்பிளுக்குச் சாயம் போடுகிறவள் நான்.
பின்னல் மெசினின் எண்ணெய் ஒட்டிய துணியில்
எத்தனை சிவப்பு ஊற்றிக் கொதிக்க வைத்தாலும்
அந்த இடம் மட்டும் ஏறாது.
துணியும் நல்ல துணி, சாயமும் நல்ல சாயம்.
பற்றிக்கொள்ள இருந்த கையை
வேறொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.
மாஸ்டர் அதைக் கறை என்பார்,
பீஸைக் கழித்துவிடுவார்.

சென்னியப்பனுக்குத் தெரியும்.
தறிக் கடன் அடையட்டும் என்றது அவர்தான்.
அத்தைக்குத் தெரியாது.
அட்டை என் ஷேடு கார்டில் இருக்கிறது,
ரோஜாவுக்கும் செங்கல் நிறத்துக்கும் நடுவில்.

மூன்றாம் மாதம் தேதி தள்ளிப்போனது.
முப்பத்தாறு. நாற்பது. நாற்பத்தேழு.
தள்ளும், பயப்படாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள்.
ஆனாலும் பட்டறையில்
கொதிக்கும் குடுவைகள் முன்னால் நின்றபடி
என் வயிற்றைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.
பட்டியில் ஒரே கோடு.
அதையும் நம்பாமல்
அவிநாசி ரோட்டில் ஸ்கேனுக்குப் போனேன்.

குளிர்ந்த களிம்பு. சாம்பல் திரை.
"ஒண்ணுமில்லீங்க. உட்சுவர் நாலு மில்லிமீட்டர்."
துணியென்றால் விரலால் தடவிச் சொல்வேன்,
இது நூற்று எண்பது கிராம், இது இருநூற்றிருபது.
நாலு மில்லிமீட்டரை எதால் தடவ?

வெளியே பைக்கில் இருந்தார்.
"என்ன சொன்னாங்க?"
"ஒரம்பரை வல்லீங்க."
"வந்து, திண்டு கெடைக்காம திரும்பீருச்சோ?"
சிரிப்பு மூட்டத்தான் கேட்டார்.
சிரித்தேன்.
வீரபாண்டி பிரிவு வரை இரண்டு பேரும்
வேறு எதுவும் பேசவில்லை.

ராத்திரி ஷிப்டில் வாங்குகிறவரின் மெயில்:
சிவப்பு சரியில்லை, மூன்றாம் தடவை.
விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன்.
பகல் வெளிச்சத்தில் அதே நிறம்.
கடை வெளிச்சத்தில் வேறே.
எது நிஜம் என்று பெட்டியைக் கேட்க முடியாது.

அப்போது உதிரம் கண்டது,
கழிவறையின் மஞ்சள் பல்பில்
கிட்டத்தட்டக் கறுப்பாக.

கை கழுவினேன்.
புதன்கிழமை என்று ஞாபகம் வந்தது.
ஷேடு கார்டைத் திறந்தேன்.